ஜோர்கா திருந்திய வருடம்

மருதுபாண்டியின் கை எப்போது ஓங்கும் என்று அவனுக்கே தெரியாது என்பார்கள் ஊரில். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவனின் முன்பற்களைப் பெயர்த்த அன்றோடு அவன் படிப்பு முடிந்தது. வீட்டுக்கு வந்தவனை அப்பா சங்கையா மாட்டுச் சாட்டையால் முதுகு கிழிய விளாசினார். விளாசி ஓய்ந்து, மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு, "அடிச்சது தப்பில்லடா. வாத்தியாரு பாக்கையில அடிச்ச பாரு, அதுதான் தப்பு" என்றார். அவனுக்குக் கிடைத்த புத்திமதி அவ்வளவுதான்.

ஊர் திருச்சுழிக்குக் கிழக்கே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. மழை பெய்தால் மிளகாய், பருத்தி, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. நிலத்தில் பாதியைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்ள, அந்த முள்ளையே வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது மருதுபாண்டியின் தொழிலாயிற்று. கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, செத்தையும் ஈரமண்ணும் போட்டுப் பூசி மூடி, உள்ளே நெருப்பை விட்டால், காற்றுக் கிடைக்காமல் உள்ளுக்குள்ளேயே கனிந்து கரியாகும். எங்காவது மண் விண்டு காற்று புகுந்தால் எல்லாம் சாம்பல்.

கல்யாணத்துக்கு முன்னால், ஒரு கோடையில் கண்மாய் வற்றி மீன்பிடி நடந்தது. ஊர்ப் பெரியவர் வெள்ளைத்துண்டை வீசிய பிறகுதான் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் இறங்க வேண்டும். பக்கத்து ஊர் இளவட்டங்கள் சிலர் துண்டு வீசுமுன்பே வலையோடு இறங்கிவிட்டார்கள். வாய்ப்பேச்சு கைகலப்பாகி, கைகலப்பு கம்பும் கல்லுமாகி, மருதுபாண்டியின் கையில் அரிவாள் எப்படி வந்தது என்று அவனுக்கு நினைவில்லை. எதிரே நின்றவன் தலையைக் காக்கக் கையைத் தூக்கினான். அரிவாள் அந்தக் கையில் இறங்கியது. துள்ளுகிற கெண்டைகளுக்கு நடுவே சேற்றில் இரண்டு விரல்கள் கிடந்தன. வெட்டுப்பட்டவன் அலறவில்லை, குனிந்து அவற்றைத் தேடினான். பெயர் அய்யப்பன் என்பது கோர்ட்டில்தான் மருதுபாண்டிக்குத் தெரிந்தது.

மதுரை ஜெயிலில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெரிய அறையில் டிவி போடுவார்கள். அங்கேதான் 'பனிமுகட்டுப் படை' அவன் கண்ணில் பட்டது. எந்த நாட்டிலோ வரைந்து, தமிழில் குரல் கொடுத்த பொம்மைப் படம். தொடராக வந்தது. அதில் ஜோர்கா என்றொருவன்: பனிராஜனின் தளபதி, கையில் கோடரி, அதிகம் பேசமாட்டான், போகிற ஊரையெல்லாம் கொளுத்துவான். அவன் வந்தாலே கைதிகள் விசிலடிப்பார்கள். கொலைக் கேஸில் வந்த கிழவர் ஒருவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரிப்பார். மருதுபாண்டி விசிலடிக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். தன்னைப் போல ஒருத்தனை அதுவரை அவன் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

வெளியே வந்தான், ஈஸ்வரியைக் கட்டினான், மகள் பிறந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் செத்தாலும் 'பனிமுகட்டுப் படை' முடிந்த பிறகுதான் துஷ்டிக்குப் போவான். ஒரு ஞாயிறு அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி வந்தது. அடுத்த ஞாயிறும் சமையல்தான். கேபிள்காரனிடம் போய்ச் சட்டையைப் பிடித்தான். "அண்ணே, நான் என்ன செய்ய? டிவில நிப்பாட்டிட்டாய்ங்க. இனிமே எல்லாம் நெட்டுலதான்" என்று அவன் கெஞ்சினான்.

மருதுபாண்டி புதுப் போன் வாங்கினான்.

"ஊரு ஒலகத்துல ஆம்பளைக போனுல என்னென்னமோ பாக்குறாய்ங்க," என்றாள் ஈஸ்வரி. "எனக்கு வாச்சது பொம்மை பாக்குது."

நெட்டில் வந்தது வேறு மாதிரி இருந்தது. டிவியில் ரத்தம் வரும் இடங்களையெல்லாம் வெட்டியிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. இதில் எதையும் மறைக்கவில்லை. ஜோர்காவுக்குக் குரல் கொடுத்தவரையும் மாற்றியிருந்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், ஜோர்காவே மாறத் தொடங்கினான். அவன் கொளுத்திய ஊரில் தப்பிப் பிழைத்த ஒரு பெண், அவன் யாரென்று தெரியாமல் அவனுக்குக் கஞ்சி ஊற்றுகிறாள். குடித்துவிட்டு, கோடரியை உறைந்த ஏரியில் வீசிவிட்டு, விறகு சுமக்கப் போகிறான். ஆட்கள் அடையாளம் கண்டு கல்லால் அடிக்கிறார்கள். நிற்கிறான்.

இதைப் பற்றி யாரிடமாவது பேசாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. தேடியபோது அருப்புக்கோட்டை வட்டாரத்து ரசிகர்களுக்கென்றே ஒரு குரூப் இருந்தது. நடத்தியவள் ஜீவிதா. நெசவுக் குடும்பத்துப் பெண். டவுனில் பிளக்ஸ் அடிக்கும் கடையில் டிசைன் வேலை. குரூப்பில் யாரும் சொந்தப் பெயரில் இருக்கவில்லை. இவன் 'கரிமூட்டம்' என்று வைத்துக்கொண்டான்.

"ஜோர்காவக் கெடுத்துட்டாய்ங்க," என்று எழுதினான் முதல் நாளே. "கல்லால அடிக்கையில சும்மா நிக்கிறவன் ஜோர்காவா?"

"இப்பத்தான் அண்ணே அவன் மனுசனா இருக்கான்," என்று எழுதினாள் ஜீவிதா. "டிவில வந்தப்ப அவன் வெறும் கோடரி."

விசைத்தறி ஓட்டும் தீபன் இரண்டு பேருக்கும் நடுவே புகுந்தான். "திருந்தட்டும். வேணாங்கல. ஒரே சீசன்ல திருந்துனா எப்புடி? டிவியா இருந்தா வாரத்துக்கு ஒண்ணு, நமக்கும் பழகிரும். இது மொத்தமா எறக்கி விட்டாய்ங்க. ராத்திரி கொளுத்துனான், காலைல கஞ்சி குடிச்சான், அழுதுட்டான்."

அப்போது 'ஒத்தப்பனை' என்ற பெயரில் ஒருவர் எழுதினார். மெதுவாகத்தான் எழுதுவார், ஒரு வரி வந்து அடுத்த வரி வர நேரமாகும். "டிவில வெட்டுன ஒரு சீனை நெட்டுலதான் பாத்தேன். கோயில்ல மணி அடிக்கிறவன் கைய ஜோர்கா வெட்டுறான். அதுக்கப்பறம் அந்த மணிக்காரன எங்கயாச்சும் காட்டுனாய்ங்களா? இல்ல. ஜோர்கா அழுகுறத மட்டும் காட்டுறாய்ங்க. நீங்களும் கூட உக்காந்து அழுகுறீக."

மருதுபாண்டி அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தான். ஆத்திரம்தான் வந்தது. ஆனாலும் இப்படிப் பேசுகிற ஆள் அவனுக்குப் பிடித்துப்போனது.

அதன் பிறகு இரண்டு பேரும் தனியாகவும் எழுதிக்கொண்டார்கள். ஒத்தப்பனை பந்தல்குடிப் பக்கம் ஒரு பஞ்சாலையில் வாசல் காவல். ஒரு நாள் மழையில் தன் மூட்டம் இடிந்ததை இவன் சொன்னபோது, "கட்டையாச்சும் மிஞ்சுச்சா?" என்று கேட்டார். அவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்றபோது மருதுபாண்டி இரண்டு தடவை விசாரித்தான். எதைப் பற்றிப் பேசினாலும் ஜோர்காவில் வந்து முடியும். "திருந்துனவன ஏத்துக்கிட்டுத்தான ஆகணும்?" என்று இவன் கேட்டால், "யாரு ஏத்துக்கணும்? வெட்டுப்பட்டவனா, வேடிக்க பாத்தவனா?" என்று அங்கிருந்து வரும். கடைசியில் பார்த்தால் ஜோர்கா திருந்தியதை வெறுத்து வந்த மருதுபாண்டி அவன் பக்கம் பேசத் தொடங்கியிருந்தான். ஒத்தப்பனையோடு மல்லுக்கட்டியே அப்படி ஆகிவிட்டது.

கடைசி எபிசோடை மட்டும் தனியாகப் பிறகு விட்டார்கள். அதை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்றாள் ஜீவிதா. பாளையம்பட்டியில் ஒரு பரோட்டாக் கடை மாடி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மருதுபாண்டி வெள்ளைச் சட்டை போட்டு, நகத்திலிருந்த கரியைத் தேய்த்துக் கழுவி, ஒரு சாக்கில் நுங்கோடு போனான்.

"கரிமூட்டம் அண்ணே நீங்கதானா! நான் யாரோ காலேஜ் பையன்னு நெனச்சேன்," என்று சிரித்தாள் ஜீவிதா. தீபன் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள். இன்னும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ஜீவிதாவின் அத்தை சௌடம்மாள் துணைக்கு வந்து, ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இதெல்லாம் சின்னப் புள்ளைக பாக்குறதில்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிய டிவியில் போனை இணைத்தார்கள். படம் தொடங்குமுன்பே சண்டை தொடங்கிவிட்டது.

"பழைய குரல்தான் ஜோர்கா," என்றான் தீபன். "இந்தக் குரலு லோனுக்குக் கூப்புடுற மாதிரி இருக்கு."

"அவன் கோவமா இருந்தப்ப அந்தக் குரலு. இப்ப அவன் வேற ஆளு, இதுதான் பொருந்துது," என்றாள் ஜீவிதா.

மருதுபாண்டி சிரித்துக்கொண்டிருந்தான். இத்தனை பேர் நடுவே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அவன் சிரித்த நாள் அதற்கு முன்பு இல்லை.

படிக்கட்டில் காலடி கேட்டது. "ஒத்தப்பனை அண்ணே வந்துட்டாரு!" என்று எழுந்தாள் ஜீவிதா. "கரிமூட்டம் அண்ணே, இந்தா வந்துட்டாரு ஒங்க ஆளு!"

மருதுபாண்டி கையை நீட்டிக்கொண்டே எழுந்தான். வந்தவரும் சிரித்தபடி கையை நீட்டினார். அந்தக் கையில் கட்டைவிரலும் இன்னும் இரண்டும்தான் இருந்தன.

இரண்டு பேரும் கையை நீட்டியபடியே நின்றார்கள்.

"நீயா?" என்றான் அய்யப்பன்.

சுவரோரம் கடை ஷட்டரை இழுக்கும் இரும்புக் கம்பி சாத்தியிருந்தது. அய்யப்பன் இடது கையால் அதை எடுத்த வேகத்தில் மருதுபாண்டியின் தோளில் ஒரு அடி விழுந்தது. அடுத்தது காதில். காது கிழிந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மருதுபாண்டியின் உடம்பு அவனைக் கேட்காமல் அதன் வேலையைச் செய்தது. கம்பியைத் தட்டிவிட்டு, அய்யப்பனின் கழுத்தைப் பிடித்து, முகத்தை மேஜையில் மோதினான். எச்சில் இலையும் டம்ளரும் சிதறின. மறுபடி மோதினான். உதடு பிளந்து மேஜையெல்லாம் சிவப்பு. குறுக்கே வந்த தீபனை முழங்கையால் ஒரு இடி இடித்தான். கண்ணாடி உடைந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்துவிட்டான். ஜீவிதா வீட்டுப் பேச்சான கன்னடத்தில் என்னவோ கத்தினாள். சௌடம்மாள் நாற்காலியைத் தூக்கி மருதுபாண்டியின் முதுகில் போட்டாள். அவனுக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாவது தடவை மோதப்போனபோது அய்யப்பன் திமிறித் திரும்பி, வலது கையால் அவன் முகத்தில் குத்த வந்தான். அந்தக் கை மூடவில்லை. மூட முடியாத கை கன்னத்தில் வந்து தொப்பென்று விழுந்து வழுக்கியது. மறுபடி விழுந்தது. குழந்தை தூக்கத்தில் கையை வீசுவது போல அதற்கு ஒரு பலமும் இல்லை.

மருதுபாண்டியின் பிடி விட்டது. அவன் எதையும் முடிவு செய்யவில்லை, ஜோர்காவையும் நினைக்கவில்லை. கன்னத்தில் அந்தக் கை பட்ட இடம் மட்டும் குளிர்ந்து போயிருந்தது.

அய்யப்பன் கம்பியை மறுபடி எடுத்தான். மருதுபாண்டி நின்றான். முழங்கைக்குக் கீழே கை முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"அடிறா!" என்று கத்தினான் அய்யப்பன். உடைந்த வாயிலிருந்து ரத்தம் தெறித்தது. "திருப்பி அடிறா! நின்னு வாங்கிக்கிட்டு ஜோர்கா வேசமா போடுற? எங்கிட்டயா போடுற?" கம்பி விலாவில் இறங்கியது, தொடையில் இறங்கியது. "அடிறான்னா!"

மருதுபாண்டி சரிந்து விழுந்த பிறகுதான் கடைக்காரர்கள் ஏறி வந்து அய்யப்பனை இழுத்துப் பிடித்தார்கள். டிவியில் ஜோர்கா பனியில் நடந்துகொண்டிருந்தான். யாரும் அதை நிறுத்தவில்லை.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து கேட்டார். "மாடிப்படில விழுந்துட்டேன் சார்," என்றான் மருதுபாண்டி.

"அந்தாளு? மூக்குல கட்டோட இருக்கானே?"

"அவனும்தான் சார் விழுந்தான்."

தீபன் பக்கத்துக் கட்டிலிலிருந்து முறைத்தான். ஆனால் மறுத்துப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து, கையில் மாவுக்கட்டோடு ஊருக்கு வந்து இறங்கியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஊர்முகப்பில் லோடு ஆட்டோ ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. பின்னால் ஏழெட்டுப் பேர், அவர்கள் காலடியில் ஒரு சாக்கு. சித்தப்பா மகன் மணிகண்டன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். முன்சீட்டில் அப்பா சங்கையா. சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று மருதுபாண்டிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாக்கை அவனே எத்தனையோ தடவை சுமந்திருக்கிறான்.

"எங்க போறீக?"

"எங்கயா? அந்த அய்யப்பன் வீட்டுக்குத்தான்," என்றான் மணிகண்டன். "அன்னைக்கு வெரலோட விட்ட பாரு, அதான் தப்பாப் போச்சு. நீ போயிப் படுண்ணே. நாங்க பாத்துக்கிறோம்."

"எறங்குடா."

"நீ இருந்த இருப்புக்கு, ஒரு அடி திருப்பி அடிக்கலயாமே? ஊரே சிரிக்குது," என்றார் சங்கையா. அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மருதுபாண்டி பின்னால் போய்ச் சாக்குக்குள் இடது கையை விட்டு ஒரு அரிவாளை உருவினான். முன் டயரில் ஓங்கி வெட்டினான். இடது கைக்குப் பழக்கமில்லை. முதல் வெட்டு ரப்பரில் வழுக்கித் தெறித்தது. இரண்டாவது வெட்டில் சீறிக்கொண்டு காற்று போனது. மணிகண்டன் குதித்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான். மருதுபாண்டி மாவுக்கட்டுப் போட்ட கையாலேயே அவன் முகத்தில் அறைந்தான். அறைந்த வலியில் இவனுக்குத்தான் கண் இருட்டியது. இரண்டு பேரும் புழுதியில் உருண்டார்கள். மேலே விழுந்து குத்திய மணிகண்டனின் குரல்வளையில் அரிவாளின் முதுகை வைத்து அழுத்தினான்.

"வண்டி இங்கருந்து நகண்டுச்சு, ஒன்னைய இங்கனயே பொலி போட்டுருவேன்," என்றான். "அவன் மேல எவனும் கை வைக்கக்கூடாது. நான் வெட்டுனதுக்கு அவன் அடிச்சான். கணக்கு எனக்கும் அவனுக்கும்தான்."

சங்கையா வண்டியை விட்டு இறங்கினார். தரையில் கிடந்த மகனைத் தாண்டிப் போகும்போது காறித் துப்பிவிட்டு நடந்தார்.

மறுநாள் விடியலில் ஈஸ்வரி அவனை உலுக்கி எழுப்பினாள். "கரி மூட்டத்துல பொகை வேற மாதிரி வருது, எந்திரிங்க!"

ஓடினார்கள். பாதி வெந்திருந்த மூட்டத்தில் யாரோ கடப்பாரையால் நாலு பக்கமும் குத்தி மண்ணைப் பெயர்த்துவிட்டிருந்தார்கள். உள்ளே காற்று புகுந்து, கனல் தழலாகி, ஓட்டை ஓட்டையாக நெருப்பு நாக்கை நீட்டியது. யார் செய்தது என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஈஸ்வரி ஈரமண்ணை அன்னக்கூடையில் அள்ளி அள்ளி வீசினாள். அவன் ஒற்றைக் கையால் மண்வெட்டியைப் பிடித்து ஓட்டைகளை அடைத்தான். ஒன்றை அடைத்தால் இன்னொன்று விண்டது. ஓரம் சரிந்து அவன் கால் கனலுக்குள் இறங்கியது. ஈஸ்வரி அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்து, இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். அவள் சேலை முந்தி கருகியிருந்தது, புருவம் பொசுங்கியிருந்தது.

"யாரு அவன்?" என்று கேட்டாள் மூச்சிரைத்துக்கொண்டே. "யாருக்காக இம்புட்டும் பண்றீக?"

"என் சினேகிதன்," என்றான். அது வாயில் வந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. "நான் வெட்டுனவனும் அவன்தான்."

ஈஸ்வரி அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து கூடையை எடுத்தாள். உச்சி வெயில் வருவதற்குள் பாதி மூட்டத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். பாதி சாம்பல்.

சில நாள் கழித்து அய்யப்பனிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. அதுவரை போனில் எழுத்தாகவே வந்தவன். பல் போன வாயில் பேச்சு குழறியது.

"மருதுபாண்டி. ஒங்க ஆளுக எங்க ஊருக்குக் கெளம்புனதும், நீ மறிச்சதும் எங்காதுக்கு வந்துச்சு. அதுக்காக ஒன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. எம்மகளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு ஒனக்குத் தெரியுமா? அவ நெளியாம நிப்பா, பாவம். பழகிருச்சு. அன்னைக்கு நீ அடிக்காம நின்ன பாரு, அதுதான் எனக்கு இன்னும் ஆறல. அதுலயும் நீயே பெரிய மனுசனாயிட்ட. நான் ரவுடியாயிட்டேன்."

மருதுபாண்டி அதை இரண்டு தடவை கேட்டான். ஒரு மன்னிப்பை எழுதினான், அழித்தான். ஜோர்காவைப் பற்றி ஏதோ எழுதினான், அதையும் அழித்தான். பிறகு சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, இடது கையால் மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தான். மேல் பொத்தானில் தொடங்கி இரண்டாவதற்கு வருவதற்குள் பொறுமை போய், சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்து எங்கோ ஓடியது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். பிறகு போனை வாயருகே வைத்துப் பேசினான்.

"இத்தன வருசத்துல அந்தப் பொத்தானப் பத்தி நான் ஒரு நாளு கூட நெனச்சதில்ல அய்யப்பா. ஜெயில்ல இருந்தப்பவும் எம்பாட்டத்தான் நெனச்சேன். நெசத்தச் சொல்றேன். வேற எனக்குச் சொல்லத் தெரியல."

அய்யப்பன் கேட்டான் என்பதற்கு அடையாளம் போனில் விழுந்தது.

மருதுபாண்டியின் கை நேராகக் கூடவில்லை. முள் வெட்டக் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டான். மூட்டம் அடுக்குவதை மட்டும் தானே செய்தான். மணிகண்டன் எதிரே வந்தால் இவன் வேறு பாதையில் போனான். சங்கையா, மகன் வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. தன் தம்பி வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டார். தீபனுக்கு மூக்கு சற்றுக் கோணிக்கொண்டது. மருதுபாண்டியோடு மறுபடி பேச அவனுக்குப் பல மாதம் பிடித்தது. குரூப்பைக் கலைத்துவிடலாம் என்றிருந்த ஜீவிதா, என்ன நினைத்தாளோ, விட்டுவைத்தாள்.

அடுத்த சீசன் ஐப்பசியில் வந்தது. ஜோர்கா அதில் ஒரு ஊருக்குக் காவலாக நின்று மறுபடி கோடரியைத் தூக்கினான். இந்த முறை அது நியாயம்தான் என்று மருதுபாண்டி குரூப்பில் நீளமாக எழுதினான், ஜீவிதா கொஞ்சம் ஒத்துக்கொண்டாள், தீபன் ஒத்துக்கொள்ளவில்லை. மழை தூறிக்கொண்டிருந்த சாயங்காலத்தில், பல மாதமாக வாய் திறக்காத ஒத்தப்பனையிடமிருந்து ஒரு வரி வந்தது.

"கரிமூட்டம் சொல்றது சுத்தத் தப்பு."

இரண்டாவது வரி வர நேரமானது. மருதுபாண்டி மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் ஈரச் சாக்கின் மேல் உட்கார்ந்து, கோபத்தோடு காத்துக்கொண்டிருந்தான்.